சரிவு இணைப்பு அறுக்கும் ஜிக்: டேபிள் சாவில் புதிதாக இறங்குவோருக்கு

வேலூர், ஆற்காடு, வாலாஜாபேட்டை வட்டாரத்தில் பழைய ஓட்டு வீட்டை இடிக்கும்போது கிடைக்கும் தேக்குச் சட்டங்கள் தரத்தில் குறைவில்லாதவை. அவற்றுக்கு உள்ள ஒரே குறை நீளம். அழுகிய முனையையும் கரையான் தின்ற பகுதியையும் வெட்டி எறிந்த பிறகு மூன்றடி, நான்கடிதான் மிஞ்சும். மாடிப்படிக் கைப்பிடிக்கோ கட்டில் சட்டத்துக்கோ ஏழடி வேண்டும் என்றால், இரண்டு துண்டுகளை முனையோடு முனை சேர்த்துத்தான் ஆக வேண்டும். முனையை நேராக வெட்டி ஒட்டினால் நிற்காது, ஏனெனில் நாரின் வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடும். அதனால்தான் இரு முனைகளையும் நீண்ட சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டுகிறார்கள். ஸ்கார்ஃப் ஜாயிண்ட் எனப்படும் இந்தச் சரிவு இணைப்பில், ஒட்டும் பரப்பு பல மடங்கு கூடுவதோடு, பசை பெரும்பாலும் நாரின் பக்கவாட்டைப் பிடிப்பதால் இணைப்பு உறுதியாகிறது.

சாதாரண மரச்சாமானுக்கு ஒன்றுக்கு எட்டு என்ற சரிவு போதும். 25 மி.மீ. கனமுள்ள சட்டத்தில் சரிவின் நீளம் 200 மி.மீ. வரும், கோணம் ஏறக்குறைய 7 பாகை. பாரம் தாங்க வேண்டிய மரத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு வைத்தால், அதே சட்டத்தில் 300 மி.மீ. நீளம் ஆகும்.

ஒரே ஒரு இணைப்புதான் தேவை என்றால் டேபிள் சாவை, அதாவது மேசையின் அடியிலிருந்து வட்ட பிளேடு மேலெழுந்து நிற்கும் மெஷினை, தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. கைரம்பத்தால் கோட்டை ஒட்டி அறுத்து, இரு சட்டங்களையும் அடுக்கிக் கட்டி இழைப்புளியால் இழைத்தால், ஜிக் (மரத்தை ஒரே கோணத்தில் பிடித்துப் பிளேடுக்குத் தள்ள நாமே செய்துகொள்ளும் சாதனம்) செய்யும் நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். நான்கைந்து இணைப்புகளுக்கு மேல் இருந்து, அவை அனைத்தும் ஒரே அளவில் அமைய வேண்டும் என்னும்போதுதான் ஜிக் செய்வதில் பயன் இருக்கிறது. கதவு நிலைக்காலை இதில் அறுக்கலாமா என்று பலரும் கேட்பார்கள், முடியாது. இதில் சட்டத்தை அதன் ஓரத்தில் நிறுத்தி அறுப்பதால், அதன் அகலம் முழுவதையும் பிளேடின் உயரம் எட்ட வேண்டும். 10 அங்குல பிளேடு மேசைக்கு மேலே 75 அல்லது 80 மி.மீ. வரைதான் எழும்பும். ஜிக்கின் அடிப்பலகை 12 மி.மீ. போனால், சுமார் 60 மி.மீ. அகலமுள்ள சட்டம் வரை மட்டுமே இந்த முறையில் அறுக்க முடியும். அதைவிட அகலமானதைத் திருப்பிப் போட்டு இரண்டு தடவையில் அறுக்க முயல்வது வெட்டையும் கெடுக்கும், கைக்கும் ஆபத்து.

ஆபத்து எங்கே இருக்கிறது

டேபிள் சாவில் விபத்து என்றவுடன் பிளேடில் விரல் படுவதையே எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் விரல் அங்கே போய்ச் சேருவதற்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கும். பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேலெழுந்து நம் பக்கமாகத் திரும்பி வருகின்றன. மரம் சற்றே கோணி அந்தப் பின்பற்களில் மாட்டினால், அது தூக்கி நம்மை நோக்கி வீசப்படும். கிக்பேக் என்பது இதுதான். 255 மி.மீ. விட்டமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடினால், அதன் விளிம்பு மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நகர்கிறது. அந்த வேகத்தில் மரம் பறக்கும்போது, அதைப் பிடித்திருந்த கை தன் பிடியை இழந்து பிளேடின் மீதே விழுகிறது.

சரிவு வெட்டில் இந்த ஆபத்து இரண்டு வழிகளில் கூடுகிறது. முதலாவது, மரம் பிளேடுக்கு இணையாக இல்லாமல் சாய்வாகப் போவதால் ஃபென்ஸில் (பிளேடுக்கு இணையாக மேசையில் நிற்கும் வழிகாட்டிப் பட்டையில்) சாய்த்துத் தள்ள முடியாது. கையால் கோணம் பார்த்துத் தள்ளுவது கிக்பேக்கை வரவழைப்பதற்குச் சமம். இரண்டாவது, வெட்டி முடிந்ததும் கழன்று விழும் துண்டு ஒரு மெல்லிய, நீளமான ஆப்பு. ஒரு முனையில் 25 மி.மீ. கனமும் மறு முனையில் காகித அளவு கனமும் கொண்ட இந்த ஆப்பு, சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடின் பக்கத்திலேயே கிடக்கும். அதிர்வில் நகர்ந்து பல்லில் பட்டால் அம்பாகக் கிளம்பும். எனவே ஜிக்கை வடிவமைக்கும்போதே மரத்தைப் பிடிப்பதற்கு எவ்வளவு கவனம் கொடுக்கிறோமோ, அதே அளவு கவனத்தை ஆப்பைப் பிடிப்பதற்கும் கொடுக்க வேண்டும். மரத்தை மட்டும் இறுக்கிவிட்டு ஆப்பைக் கவனிக்காமல் விட்ட ஜிக்குகளே அதிகம்.

மெஷினைப் பார்த்துக்கொள்வது

பிளேடுக்குப் பின்னால், அதன் உயரத்தோடு ஒட்டி நிற்கும் ரிவிங் நைஃப் என்ற தகடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறுபட்ட பிளவு மீண்டும் மூடிப் பிளேடை இறுக்காமல் தடுப்பது அதுதான். கை சர்க்குலர் சாவைப் பிளைவுட் மேசைக்கு அடியில் கவிழ்த்துப் பொருத்திய உள்ளூர் மெஷின்களிலும், இழைப்பு மெஷினின் பக்கவாட்டில் பிளேடு மாட்டியவற்றிலும் பெரும்பாலும் அது இருக்காது. அப்படிப்பட்ட மெஷினில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது ஸ்விட்ச். நம் பகுதியில் மின்சாரம் போவதும் வருவதும் சொல்லி வைத்து நடப்பதில்லை. பாதி வெட்டில் மின்சாரம் நின்று, சாதாரண ஸ்விட்ச் ஆனிலேயே இருக்க, மரத்தைச் சரிசெய்யக் கை உள்ளே போன நேரத்தில் மின்சாரம் திரும்பினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கிணற்று மோட்டாருக்கு வைப்பது போன்ற, பச்சை பொத்தானும் சிவப்பு பொத்தானும் உள்ள ஸ்டார்ட்டரைப் பொருத்திக்கொள்ளுங்கள். மின்சாரம் போனதும் அது தானாக விடுபட்டுவிடும். மீண்டும் பச்சையை அழுத்தினால்தான் ஓடும். விவசாய மோட்டாருக்கு மாட்டும் ஆட்டோ ஸ்டார்ட் கருவியை மட்டும் எக்காரணம் கொண்டும் இதில் இணைக்கக் கூடாது. சிவப்பு பொத்தான் முழங்காலால் தட்டினாலே அணையும் இடத்தில் இருப்பது நல்லது.

மாலை நேரத்தில் வோல்டேஜ் குறையும் தெருக்களில் இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் இழுக்க முடியாமல் திணறும்போது, கை தன்னையறியாமல் கூடுதலாகத் தள்ளத் தொடங்கும். கத்திரி வெயில் நாட்களில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வேலூரில், வியர்த்து வழுக்கும் உள்ளங்கைக்காகவும் காலை நேரமே மேல்.

பிளேடைத் தேர்ந்தெடுப்பதில் புதியவர்கள் தடுமாறுவது இயல்பு. மரத்தின் முனையை வெட்டுகிறோம் என்பதால் குறுக்கு வெட்டுக்கான 60 அல்லது 80 பல் பிளேடை மாட்டிவிடுகிறார்கள். ஆனால் 7 பாகையில் போகும் வெட்டு நாரோடு நாராக ஓடும் வெட்டுதான். பற்கள் நெருக்கமாக இருந்தால் தூள் வெளியேற இடமின்றி பிளேடு சூடேறும், மரம் கருகும், தள்ளும் விசை கூடும். 24 முதல் 30 பற்கள் கொண்ட, கூர் மழுங்காத கார்பைட் பிளேடே இதற்கு ஏற்றது. மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிளேடு மேசைக்குச் சரியாக 90 பாகையில் நிற்கிறதா என்பதை மூலைமட்டத்தால் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் அரைப் பாகை தவறினாலும் இரண்டு சட்டங்களும் சேரும்போது பிழை இரட்டிப்பாகி, ஒட்டிய சட்டம் முறுக்கியபடி தெரியும்.

ஜிக் செய்வது

நெளிவில்லாத 12 மி.மீ. பிளைவுட்டில் 700 மி.மீ. நீளமும் 450 மி.மீ. அகலமும் கொண்ட அடிப்பலகையை வெட்டிக்கொள்ளுங்கள். மேசையின் இரண்டு காடிகளிலும் ஆட்டமில்லாமல் ஓடும்படி இரண்டு ஓட்டுக்கட்டைகளை அடியில் பொருத்துங்கள். ஓட்டுக்கட்டை இறுகினால் தள்ளும்போது திக்கும், தளர்ந்தால் கோணம் மாறும். ஆகவே சிறிது சிறிதாக இழைத்துச் சரிபார்க்க வேண்டும். இந்த ஒரு வேலையில் அவசரப்படாதீர்கள். மீதமுள்ள பாதுகாப்பு அனைத்தும் இந்த ஓட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

பலகையைக் காடியில் வைத்து, பிளேடைத் தாழ்வாக ஏற்றி, முன் விளிம்பிலிருந்து (முதலில் பிளேடைச் சந்திக்கும் விளிம்பு) 350 மி.மீ. தூரம் மட்டும் அறுத்துவிட்டு, மெஷினை அணைத்து, பிளேடு நின்றபின் பின்னால் இழுங்கள். பலகை இரண்டாகப் பிரியாமல் பின்பாதி முழுதாக இருக்க வேண்டும், ஏனெனில் கைகள் இருக்கப்போவது அந்த முழுப் பகுதியில்தான். பிளேடு அந்த இடத்தைத் தாண்டி வராதபடி, ஜிக்கின் ஓட்டத்தை நிறுத்தும் ஒரு கட்டையை மேசையில் கிளாம்ப் செய்துவிட வேண்டும். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றினால் மேசை மட்டத்தில் அது அடைக்கும் நீளம் கூடும் என்பதால், நிறுத்தும் இடத்தை முழு உயரத்தில் வைத்தே குறிக்க வேண்டும்.

இப்போது சரிவுக்கான தாங்கு கட்டை. அறுபட்ட கோட்டின் முன்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி 400 மி.மீ. போகும்போது இடப்பக்கம் 50 மி.மீ. விலகும்படி ஒரு கோடு இழுங்கள். ஒன்றுக்கு எட்டு கிடைத்துவிட்டது. பாகைமானியைத் தேட வேண்டாம். இந்த அளவில் பாகையை விட மில்லிமீட்டரே நம்பகமானது. அந்தக் கோட்டை ஒட்டி, 60 மி.மீ. உயரமுள்ள நேரான கட்டையை இடப்பக்கமாகப் பொருத்துங்கள். கட்டையின் முனை அந்தப் புள்ளியைச் சற்றுத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கட்டும். முதல் ஓட்டத்தில் பிளேடு அதைச் சீவிவிடும். அந்தச் சீவிய முனை, சட்டத்தின் மெல்லிய நுனி அதிர்ந்து பிய்ந்து போகாமல் பின்னாலிருந்து தாங்கும். இதனால் முனையிலிருந்து 100 மி.மீ. வரை ஆணியோ ஸ்குரூவோ இருக்கக் கூடாது. அங்கே பசை மட்டும் போதும்.

சட்டத்தைத் தாங்கு கட்டையோடு இறுக்க, பின்பகுதியில் இரண்டு டாகிள் கிளாம்புகள் (நெம்புகோலை மடக்கினால் இறுகிப் பூட்டிக்கொள்ளும் பிடிகள்) வேண்டும். மூன்றாவது கிளாம்ப் கோட்டின் வலப்பக்கம், ஒரு உயரக் கட்டையின் மேல் நின்று, ஆப்பாகப் போகும் பகுதியின் தடித்த முனையை மேலிருந்து அழுத்த வேண்டும். ஆப்பின் அடியில் இருபக்க டேப் ஒட்டிக்கொள்வது கூடுதல் காப்பு. வெட்டு முடிந்த பிறகும் ஆப்பு அடிப்பலகையோடு சேர்ந்தே இருக்கும்; பிளேடு நிற்கும் வரை அது எங்கும் போகாது. ஜிக்குக்கும் ஃபென்ஸுக்கும் இதில் எந்தத் தொடர்பும் இல்லை, எனவே ஃபென்ஸைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிளேடின் பாதைக்கு மேலே ஒரு தடித்த அக்ரிலிக் தகட்டைக் கூரையாகப் பொருத்தினால், கை தவறியும் மேலிருந்து இறங்காது. தள்ளுவதற்கான இரண்டு கைப்பிடிகளும் சட்டத்துக்கு இடப்பக்கம், பின்விளிம்பை ஒட்டி இருக்கட்டும்.

அறுப்பதற்கு முன்

இடித்த வீட்டு மரத்தில் ஆணி இல்லாமல் இருக்காது. தலை உடைந்து உள்ளே புதைந்த ஆணியைக் கண்ணால் காண முடியாது; ஒரு வலுவான காந்தத்தை நான்கு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். புதிதாக அறுத்த பச்சை மரத்தை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள், அறுக்கும்போதே பிளவு மூடிப் பிளேடை நெரிக்கும். முறுக்கிய சட்டத்தை முதலில் இழைத்து நேராக்க வேண்டும், அது தாங்கு கட்டையில் படியாவிட்டால் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் ஆடத்தான் செய்யும்.

தோளில் துண்டு, லுங்கி, தொளதொளத்த சட்டைக் கை, மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். கோயிலில் கட்டிய கயிற்றைக் கழற்ற மனமில்லை என்றால், முழங்கை பக்கமாக ஏற்றி, இறுகப் பிடிக்கும் சட்டைக் கைக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். கையுறை பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. பல்லில் நூல் மாட்டினால் கையுறையோடு கையும் உள்ளே போகும். கண்ணாடியும் காது அடைப்பானும் அணியுங்கள். தேக்குத் தூள் பலருக்குத் தோலிலும் மூக்கிலும் அரிப்பை உண்டாக்கும் என்பதால் என்95 முகக்கவசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மீட்டர் நீளமுள்ள சட்டத்தை ஒன்றுக்கு எட்டில் வைத்தால், அதன் வால் பிளேடின் கோட்டிலிருந்து 250 மி.மீ. இடப்பக்கம் விலகி நிற்கும். அந்த வாலைத் தாங்க ஒரு ஸ்டாண்டு, மேசை மட்டத்தைவிட 12 மி.மீ. உயரத்தில், தள்ளும் தூரம் முழுவதும் வழுக்கிச் செல்ல வசதியாக இருக்க வேண்டும். நீங்கள் நிற்க வேண்டியது சட்டத்துக்கும் இடப்பக்கம். பிளேடுக்கு நேர் பின்னால் நீங்களும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்ப்பவரும் நிற்கக் கூடாது. பட்டறை வீட்டை ஒட்டி இருந்தால் பிள்ளைகள் வரும் கதவைத் தாழிட்டுவிடுங்கள்.

பிளக்கை மாட்டாமலேயே ஒருமுறை முழு ஓட்டத்தையும் செய்து பாருங்கள். தொடங்கும்போது கை எங்கே, நடுவில் எங்கே, ஜிக் நிறுத்துக்கட்டையில் முட்டும்போது எங்கே என்று ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். கிளாம்பின் இரும்பு எதுவும் பிளேடின் பாதையில் இல்லை என்பதை, பிளேடைக் கையால் மெதுவாகச் சுழற்றி உறுதிசெய்யுங்கள். பிறகு உண்மையான தேக்குக்கு முன் இரண்டு வீண் துண்டுகளில் அறுத்துப் பாருங்கள். பேக்கிங் பெட்டியிலிருந்து வரும் பைன் இதற்குப் போதும்.

அறுக்கும் நேரம்

மெஷினை ஓடவிட்டு, அது முழு வேகத்தை அடையும் வரை ஜிக்கைத் தள்ளாதீர்கள். பிறகு ஒரே சீரான, மெதுவான தள்ளலாகப் போக வேண்டும். 60 மி.மீ. ஆழத்தில் நாரோடு ஓடும் வெட்டு என்பதால் சின்ன மோட்டாருக்கு இது கனமான வேலை. சத்தம் தாழ்ந்தால் தள்ளுவதைத் தளர்த்துங்கள், ஆனால் பின்னால் இழுக்காதீர்கள். ஓடும் பிளேடில் பின்னால் இழுப்பதுதான் மரத்தைப் பின்பற்களில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. மரம் இறுகிவிட்டதாகத் தோன்றினால், ஜிக்கை அப்படியே அழுத்திப் பிடித்தபடி முழங்காலால் சிவப்பு பொத்தானைத் தட்டுங்கள்.

ஜிக் நிறுத்துக்கட்டையில் முட்டியதும் வெட்டு முடிந்துவிட்டது. கவனம் சிதறும் நேரமும் இதுவே. மெஷினை அணைத்த பிறகும் பிளேடு பல நொடிகள் ஓடிக்கொண்டிருக்கும், சத்தம் அடங்கியதால் நின்றுவிட்டதாகக் காது சொல்லும். பற்களைத் தனித்தனியாக எண்ண முடிகிற வரை கையை நகர்த்தாதீர்கள். அதற்குள் ஆப்பை எடுக்கப் போனால் ஆப்பிழுத்த குரங்கின் கதைதான். பிளேடு நின்றபின் ஜிக்கைப் பின்னால் இழுத்து, முதலில் ஆப்பின் கிளாம்பையும் அடுத்துச் சட்டத்தின் கிளாம்புகளையும் விடுவியுங்கள். இரண்டாவது சட்டத்தையும் அதே ஜிக்கில், அதே கிளாம்ப் இடங்களில் அறுக்க வேண்டும். இரண்டுக்கும் எந்த ஓரம் கீழே இருந்தது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டுப்பட்டுவிட்டால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே பட்டறையில் இருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சுத்தமான துணியால் காயத்தை நேரடியாக அழுத்தி, கையை இதயத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்து, 108-ஐ அழைக்க வேண்டும். விரல் துண்டாகியிருந்தால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, அது திசுவைக் கெடுத்துவிடும். 1940களின் பிற்பகுதியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்தது வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில்தான். கைக்கான சிகிச்சையில் இவ்வளவு பெயர் பெற்ற ஊரில் இருக்கிறோம் என்பது ஆறுதல்தான், ஆனால் அந்த ஆறுதலை நம்பி யாரும் அக்ரிலிக் கூரையைக் கழற்ற வேண்டாம்.

ஒட்டுவது

அறுத்த முகங்களைப் பொருத்திப் பார்த்து, வெளிச்சம் தெரியும் இடங்களை இழைப்புளியால் ஓரிரு இழைப்பில் சரிசெய்யலாம். மணல் தாளால் தேய்த்தால் ஓரங்கள் உருண்டு, நுனியில் இடைவெளி விழும். சரிவு முகத்தில் பசை தடவி கிளாம்பை இறுக்கும்போது இரண்டு சட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விலகப் பார்க்கும். இதைத் தடுக்க, நேரான பலகை ஒன்றில் பாலித்தீன் தாளை விரித்து, அதன்மேல் சட்டங்களை வைத்து முனைகளைக் கட்டைகளால் முட்டுக் கொடுக்கலாம். அல்லது சரிவின் வழியே இரண்டு மெல்லிய ஆணிகளைத் தலை வெளியே நிற்கும்படி அடித்துவைக்கலாம். ஆணி அடித்திருந்தால், பசை காய்ந்ததும் அவற்றைப் பிடுங்கி எண்ணி வைத்துவிட்டு, அதன்பிறகுதான் அந்தச் சட்டத்தை மீண்டும் மெஷின் பக்கம் கொண்டுபோக வேண்டும்.